பவுசருக்குக் காத்திருந்த நாடு

2022 மார்ச் 31 ஆம் திகதி இலங்கையில் 13 மணி நேர மின்வெட்டு. தெருவிளக்குகளையும் அணைக்கச் சொல்லியிருப்பதாக மின்சக்தி அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அன்றுதான் அறிவித்திருந்தார். இரவானதும் கொழும்புக்கு வெளியே மிரிஹானவில், பங்கிரிவத்தை வீதியிலிருந்த ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் சொந்த வீட்டை நோக்கி மக்கள் நடக்கத் தொடங்கினார்கள். கட்சிக் கொடி இல்லை, மேடை இல்லை. கைப்பேசி வெளிச்சத்தில் வந்தார்கள். கண்ணீர்ப்புகை அடித்தார்கள், ஒரு பஸ் எரிந்தது. மறுநாள் அவசரகால நிலை, அதற்கடுத்த நாள் ஊரடங்கு, ஏப்ரல் 3 இல் சமூக ஊடகத் தடை. அன்றிரவே, பிரதமர் மகிந்த ராஜபக்சவைத் தவிர, அமைச்சரவை முழுவதும் பதவி விலகியது. 2019 நவம்பரில் 52 சதவீத வாக்கு வாங்கி வந்தவரின் அமைச்சரவை அது. 2020 ஆகஸ்டில் அவருடைய கட்சி 225 இல் 145 இடங்களை வென்றிருந்தது. அவ்வளவு பலமும் ஆடிப்போக நான்கு நாள்தான் எடுத்தது.

இருட்டுத்தான் ஆட்சியை அசைத்தது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருட்டை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால், எல்லாருக்கும் ஒரே அளவுதான் என்று நம்பினால், நாம் நினைப்பதைவிட நீண்ட காலம் பொறுப்பார்கள். அந்த வருடம் அந்த இரண்டு நம்பிக்கையும் உடைந்தன. அவை உடைந்த இடம் வீடு அல்ல, பெற்றோல் செட் வாசல்.

சரி, எண்ணெய் ஏன் தீர்ந்தது? உலகத்தில் எண்ணெய் இருந்தது. கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே கப்பலும் நின்றது. இறக்குவதற்குக் கொடுக்க டொலர்தான் இல்லை. 2019 முடிவில் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 7.6 பில்லியன் டொலர். புதிய அரசு வந்த கையோடு வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. அரச வருமானம் சரிந்தது, வெளியில் கடன் வாங்கும் வழியும் அடைபட்டது. கொரோனா சுற்றுலாவை நிறுத்தியது. ஒரு டொலர் 200 ரூபாய்தான் என்று மத்திய வங்கி பிடிவாதமாக நின்றதால், வெளிநாட்டில் உழைக்கிறவர்கள் வங்கியை விட்டு, வங்கிக்கு வெளியே பணம் அனுப்பித் தரும் உண்டியல்காரரிடம் போனார்கள். 2022 மார்ச்சில் கையிருப்பு 1.9 பில்லியன். மே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி, பயன்படுத்தக்கூடியதாக 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்று பாராளுமன்றத்தில் சொன்னார்.

முன்னறிகுறி இருந்தது. 2021 நவம்பரில் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் மூடப்பட்டது. 1969 இலிருந்து ஓடிய ஆலை அது. செய்தித்தாள்களில் படித்தோம், கடந்து போனோம். அடுத்த மாசி, பங்குனியில் மழை இல்லாமல் நீர்த்தேக்கங்கள் இறங்கின. மலைநாட்டு நீர்மின்சாரம் குறைந்தால் எண்ணெயில் ஓடும் நிலையங்கள் கைகொடுக்க வேண்டும். அவற்றுக்கு ஊற்ற எண்ணெய் இல்லை.

இதற்குப் பின்னால் இன்னும் பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. மின்கட்டணத்தை 2013 இல் உயர்த்தியபோது பெரிய எதிர்ப்பு வந்தது. 2014 இல், ஜனாதிபதித் தேர்தல் நெருங்கும் நேரம், 25 சதவீதம் குறைத்தார்கள். அதன் பிறகு 2022 ஆகஸ்ட் வரை எந்த அரசும் கட்டணத்தைக் கூட்டவில்லை. மின்சார சபை நட்டத்தில் விற்றது, பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அதற்குக் கடனுக்கு எண்ணெய் கொடுத்தது, அரச வங்கிகள் அந்தக் கடனைச் சுமந்தன. கட்டணம் கூட்டாதவனே நல்லவன் என்பதில் ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் வேறுபாடே இருக்கவில்லை. நாமும் அதைத்தான் கேட்டோம். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் அப்போது கொழும்பில் இருந்தேன். மின்வெட்டுக்கு நாட்டை ஏ, பி, சி என்று எழுத்து வாரியாகக் குழு பிரித்து, நேர அட்டவணை போடுவார்கள். காலையில் எழுந்ததும் கைப்பேசியில் முதலில் பார்ப்பது அதைத்தான். அறிமுகமில்லாதவர்கூட "நீங்கள் எந்தக் குழு?" என்று கேட்பார். சோறு வடிப்பது, தண்ணீர் மோட்டார் போடுவது, பிள்ளைகள் படிப்பது எல்லாம் அந்த எழுத்தின்படி நடந்தன. மார்ச் தொடக்கத்தில் ஏழரை மணி நேரம், 30 ஆம் திகதி 10 மணி, மறுநாள் 13. ஆனாலும் அட்டவணை என்று ஒன்று இருந்தது. அதுவே ஒரு பிடிமானம்.

பெற்றோல் வரிசைக்கு அப்படி எதுவும் இல்லை. "பவுசர் வருது" என்று யாரோ சொல்வார்கள். பவுசர் என்றால் எண்ணெய் கொண்டுவரும் தாங்கி லொறி. எந்த பவுசர், எந்த நேரம் என்று தெரியாது. முதல் நாள் இரவே என் பழைய மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்துவேன். இருக்கிற எண்ணெயை வீணாக்கக் கூடாது என்று எல்லாரும் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தள்ளித்தான் நகருவோம். ஓட்டோக்காரர்கள் ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்து, தோளைக் கம்பியில் கொடுத்துத் தள்ளுவார்கள். முன்னால் நின்ற ஓட்டோக்காரர் நான்கு நாளில் இரண்டு நாள் ஓடுகிறார், இரண்டு நாள் நிற்கிறார் என்று கணக்குச் சொன்னார். ஓடி உழைத்தது நின்ற நாளின் சாப்பாட்டுக்கே சரியாகிவிடுகிறது. மூன்றாவது முறை போனபோது, எங்களுக்குப் பத்து வண்டி முன்னால் பெற்றோல் தீர்ந்தது. யாரும் சத்தம் போடவில்லை. போகவும் இல்லை. அப்படியே வீதியோரம் உட்கார்ந்துவிட்டோம். அந்த அமைதி எனக்குச் சத்தத்தைவிடப் பயமாக இருந்தது.

மார்ச் 19, 20 ஆகிய இரண்டு நாட்களில், எழுபது வயதைக் கடந்த இரண்டு ஆண்கள் எரிபொருள் வரிசையில் நின்றபடியே இறந்தார்கள். 22 ஆம் திகதி அரசு பெற்றோல் செட்டுகளுக்கு இராணுவத்தை அனுப்பியது. எண்ணெய் கேட்டவர்களுக்குச் சிப்பாய் வந்தான் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். ஏப்ரல் 19 இல் றம்புக்கனையில், முதல் நாள் நள்ளிரவு ஏறிய விலையை எதிர்த்து வீதியை மறித்தவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார்.

வரிசையை ஒரு துன்பமாக மட்டும் பார்த்தால் அதன் அரசியல் புரியாது. தேநீர்க்கடையில் அரசியல் பேசுகிறவர்கள் தங்களோடு ஒத்துப்போகிறவர்களோடுதான் பேசுவார்கள். வரிசையில் யார் பக்கத்தில் நிற்பது என்று நாம் தெரிவு செய்வதில்லை. தாதி, ஓட்டோக்காரர், வங்கி முகாமையாளர், மீன் வியாபாரி எல்லாரும் ஆறு மணி நேரம் அருகருகே. 2019 இல் கோட்டாபயவுக்கு வாக்களித்தவரும் அங்கேதான் நின்றார். அவர் வாயாலேயே "நான்தான் போட்டேன், என் கையைத்தான் வெட்ட வேண்டும்" என்று சொல்வதை மற்றவர்கள் கேட்டார்கள். எந்த எதிர்க்கட்சி மேடையும் செய்ய முடியாத வேலை அது. வரிசையை ஒதுக்கிவிட்டு ஒரு அரச வாகனம் நேரே உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வெளியேறும்போது, அத்தனை கண்களும் அதன் பின்னாலேயே போகும். எல்லாருக்கும் ஒரே அளவு என்ற நம்பிக்கை முடிந்தது அந்தக் கணத்தில்தான்.

அப்படி ஒரு இரவில், பக்கத்தில் நின்ற சிங்களவர் ஒருவர் என் ஊரைக் கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்களுக்கு இதெல்லாம் எத்தனை வருஷம் இருந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஒரு சிங்களவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று நீண்ட தடைப் பட்டியல் வந்தது. நான் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு குடிக்கும் அளவு மட்டும் மண்ணெண்ணெய், நடுவில் நூல் போல ஒரு திரி. போத்தலே சிமினி. நாலு பிள்ளைகள் அதைச் சுற்றித் தலையை வைத்துப் படித்தால், எழுந்திருக்கும்போது மூக்குக்குள் கரி. செய்தி கேட்க வேண்டும் என்றால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலில் கிளம்பி, மண்ணெண்ணெய்யில் புகைத்துக்கொண்டு ஓடின. தேசிய மின்கட்டமைப்பின் மின்சாரம் குடாநாட்டுக்குத் திரும்பி வந்தது போர் முடிந்த பிறகுதான்.

2022 மார்ச்சில் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து மின்வெட்டைப் பற்றி முறையிட்டேன். "உங்களுக்கெண்டால் நேரம் சொல்லிப்போட்டெல்லோ நிப்பாட்டுறாங்கள் தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், எரிசக்தித் தட்டுப்பாடு அரசியலை என்ன செய்கிறது என்று பேச முடியாது. வடக்கின் இருட்டு வருடக்கணக்கில் நீடித்தும் கொழும்பில் ஒரு அமைச்சரும் அதற்காகப் பதவி விலகவில்லை. தெற்கின் இருட்டு சில வாரங்களில் அமைச்சரவையையும் சில மாதங்களில் ஜனாதிபதியையும் வெளியேற்றியது. தட்டுப்பாடு எவ்வளவு கொடியது என்பது இங்கே அளவுகோல் அல்ல. யாருடைய வாக்கில் ஒரு அரசு நிற்கிறதோ அவர்கள் வீட்டு அடுப்பு அணைந்தால்தான் அது தேசியப் பிரச்சினை. இதை எழுதும்போது எனக்கு மனம் கசக்கிறது. ஆனாலும் இதுதான் நடந்தது.

நாட்டின் கடிகாரமே இதற்கு ஒரு சாட்சி. 1996 இல் வரட்சியால் நீர்மின்சாரம் குறைய, பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தலாம் என்று அரசு நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியது. அதே வருடம் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பத்து வருடம் ஒரே தீவில் புதிய நேரம், பழைய நேரம் என்று இரண்டு கடிகாரங்கள் ஓடின.

அதற்கு முன்பும் தட்டுப்பாடு எல்லாரையும் ஒரே மாதிரித் தொட்டதில்லை. 1973 இன் எண்ணெய் விலையேற்றமும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் காலத்தைத் தெற்கு பாண் வரிசையாக நினைவு வைத்திருக்கிறது. 1977 தேர்தலில் அவருடைய கட்சிக்கு 168 இல் 8 இடங்கள்தான் மிஞ்சின, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140. அந்த வரிசையை வென்ற கட்சி அதன் பிறகு எத்தனையோ தேர்தல் மேடைகளில் நினைவூட்டி வந்தது. யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர்களுக்கோ அது பொற்காலம். இறக்குமதி நின்றதால் அவர்கள் விளைச்சலுக்கு நல்ல விலை. கல்வீடு கட்டினவர்கள் பலர்.

2022 க்கு வருவோம். ஏப்ரல் 9 இல் காலிமுகத்திடலில் கூடாரங்கள் முளைத்தன. "கோட்டா கோ கம" என்று பெயர் வைத்தார்கள். கம என்றால் சிங்களத்தில் ஊர். ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று நாடு அறிவித்தது. மே 9 இல் பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையிலிருந்து வந்த மகிந்தவின் ஆதரவாளர்கள் கூடாரங்களைத் தாக்க, அன்றே மகிந்த பதவி விலகினார். நாடு முழுவதும் ஆளும் கட்சியினரின் வீடுகள் எரிந்தன, ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டார். மே 12 இல் பிரதமரான ரணில் விக்கிரமசிங்க நான்கு நாள் கழித்துத் தொலைக்காட்சியில் வந்து, இன்னும் ஒரு நாளைக்குத்தான் பெற்றோல் இருக்கிறது என்றார். அதுவரை எந்தத் தலைவரும் அவ்வளவு வெளிப்படையாகப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் மக்கள் பதறிவிடுவார்கள் என்று அரசுகள் நினைக்கின்றன. நான் பார்த்த வரை அன்றிரவு வரிசையில் ஒருவித நிம்மதிகூட இருந்தது, ஏனென்றால் பொய்யாவது நின்றது.

மே 18 இல் அதே காலிமுகத்திடலில், போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்குச் சுடர் ஏற்றினார்கள், அந்த நாட்களின் உணவான கஞ்சியைக் கொடுத்தார்கள். சிங்கள இளைஞர்கள் கஞ்சியை வாங்கிக் குடித்தார்கள். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 2017 இலிருந்து வடக்கு கிழக்கில் வீதியோரம் உட்கார்ந்திருக்கும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் வரிசையில் என்னிடம் கேட்கப்பட்ட அந்தக் கேள்விக்கும் இந்தக் கஞ்சிக்கும் தொடர்பு இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஜூன் 27 இல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். எண்ணெய் இல்லாததால் கூட்டமும் கூடாது என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் ஜூலை 9 அதைப் பொய்யாக்கியது. கண்டி, காலி, மாத்தறையில் ரயில் விடும்படி அதிகாரிகளோடு சண்டை பிடித்து ஏறி வந்தார்கள். லொறியில் வந்தார்கள், சைக்கிளில் வந்தார்கள், நடந்து வந்தார்கள். ஜனாதிபதி மாளிகை அவர்கள் கைக்குப் போனது. 13 ஆம் திகதி கோட்டாபய மாலைதீவுக்குப் போய், அடுத்த நாள் சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார்.

வரிசை முடிந்த விதத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஜூலை 20 இல் பாராளுமன்றத்தில் 134 வாக்குகளோடு ரணில் ஜனாதிபதியானார். அடுத்தடுத்த நாட்களில் கியூஆர் அட்டை நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. கைப்பேசியைக் காட்டினால் நமக்குரிய பங்கு கிடைத்தது. அளவு குறைவு, ஆனாலும் மக்கள் அமைதியானார்கள். என் பங்கை வேறொருவர் தட்டிப் பறிக்க முடியாது என்ற உறுதி அதில் இருந்தது. மார்ச்சிலேயே இதைச் செய்திருந்தால் என்று அந்த நாட்களில் பலமுறை நினைத்தேன். டொலர் பஞ்சம் தீர்ந்திருக்காது, வரிசையில் செத்தவர்கள் ஒருவேளை இருந்திருப்பார்கள்.

இன்னொரு பக்கம், விலை வரிசையின் இடத்தைப் பிடித்தது. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2021 அக்டோபர் வரை 1,493 ரூபாய், 2022 ஏப்ரலில் 4,860. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470. மின்கட்டணம் ஆகஸ்டில் சராசரி 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் ஏறியது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோது, மண்ணெண்ணெய் இயந்திரப் படகை நம்பியிருந்த வடபகுதி மீனவர்கள் கரையிலேயே நின்றார்கள். இப்போது எண்ணெய் இருந்தது, வாங்க முடியவில்லை. இந்தத் தட்டுப்பாட்டுக்கு வரிசை கிடையாது. ஆளாளுக்குத் தன் வீட்டில் பில்லைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதனால்தான் கியூஆருக்குப் பிந்தைய கோபம் வீதிக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். அந்த வருடம் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். அதுவும் ஒரு வாக்களிப்புத்தான்.

உண்மையான வாக்களிப்பும் தள்ளிப்போனது. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைப் பணம் இல்லை என்று சொல்லி ஒத்திவைத்தார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் ஜனாதிபதித் தேர்தல். சுயேச்சையாக நின்ற ரணிலின் சின்னம் காஸ் சிலிண்டர். வரிசையை முடித்தவன் நான் என்பதுதான் அவருடைய முழுப் பிரசாரமும். சுமார் 17 சதவீத வாக்கோடு மூன்றாம் இடம் வந்தார். பழைய பாராளுமன்றத்தில் 3 இடங்களே வைத்திருந்த தேசிய மக்கள் சக்தியின் அநுர குமார திசாநாயக்க வென்றார். நவம்பரில் அந்தக் கூட்டணிக்கு 159 இடங்கள், யாழ்ப்பாண மாவட்டத்திலும் ஆறில் மூன்று.

வரிசையை முடித்தவருக்கு மக்கள் ஏன் நன்றி சொல்லவில்லை? ஜூலை 2022 இல் அவரைத் தெரிவு செய்தது பெரும்பாலும் கோட்டாபயவின் கட்சி என்பதை யாரும் மறக்கவில்லை, அது ஒன்று. மற்றது, வரிசையில் நின்றவர்கள் கேட்டது எண்ணெய் மட்டும் அல்ல. தங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார், அவர்கள் அதற்கு எப்போது பதில் சொல்வார்கள் என்றும் கேட்டார்கள். 4 லீற்றர் பெற்றோல் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

கியூஆர் 2023 செப்டம்பர் முதலாம் திகதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததில் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரர் முதலில் செய்த காரியம், ஓடிப்போய்த் தண்ணீர் பிடித்து வைத்தது. அந்த மாதக் கடைசியில் பெற்றோல் விநியோகஸ்தர்களுக்கும் அரசுக்கும் கழிவு (கமிஷன்) வீதம் பற்றித் தகராறு வந்தது. விநியோகம் நிற்கப்போகிறது என்று கதை பரவியது. கையிருப்பு போதுமானது என்று அரசு சொன்னது, அது உண்மையும்கூட. ஆனாலும் மாலைக்குள் நகரமெங்கும் வரிசை. என் மோட்டார் சைக்கிளின் தாங்கியில் பாதிக்கு மேல் இருந்தது. நானும் போய் நின்றேன். முன்னால் இருந்த ஓட்டோக்காரர் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளத் தொடங்கினார். அவர் பின்னால் நானும் அணைத்துவிட்டுத் தள்ளினேன்.